இருபத்தாறாம் டோக்கன்

ஆலை வாசல் ஒலிபெருக்கி "டோக்கன் நம்பர் ஒன்பது" என்று கரகரத்தபோது மணி பன்னிரண்டு. கொளஞ்சியம்மாளின் முந்தானை முடிச்சில் இருந்த தகர வில்லையில் பொறித்திருந்த எண் ஐம்பத்தெட்டு.

மணிக்கு ஆறு வண்டி எடைமேடை ஏறும். மாலை ஆறு மணிக்கு அரவை நிற்கும். அதற்குப் பிறகு மூன்று நாள் ஆலையைக் கழுவிச் சுத்தம் செய்வார்கள். ஒரு கரும்புகூட உள்ளே போகாது. கொளஞ்சியம்மாள் விரலை மடக்கிப் பார்த்தாள். நாற்பத்தைந்து வரை போகும். இழுத்துப் பிடித்தால் நாற்பத்தேழு. ஐம்பத்தெட்டுக்கு மூன்று நாள் கழித்துத்தான் விடிவு.

அவளிடம் மூன்று நாள் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் அவள் வாசலில் வந்து நிற்கும். ஒரே மகள் செவ்வந்தி பொண்ணழைப்புக்குப் படி இறங்கும்போது பெற்றவள் எதிரில் நிற்க வேண்டும். மறுநாள் விடியற்காலை ரிஷிவந்தியம் கோயிலில் தாலி கட்டு. காலி வண்டியை எவ்வளவு விரட்டினாலும் ஊர் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும்.

கல்யாணத்தை வைத்துக்கொண்டு கரும்பு ஏற்றிக்கொண்டு வருவாளா ஒருத்தி என்று கேட்கலாம். வெட்டு உத்தரவு ஆலை கொடுப்பது. அவர்கள் சொன்ன தேதியில் வெட்டாவிட்டால் அடுத்த முறை எப்போது என்று அந்த ஐயனாருக்குத்தான் தெரியும். உத்தரவு இந்தத் தேதிக்கென்று வந்தது. வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் நாளுக்கு நாள் எடை குறையும். முந்தின நாள் சாயங்காலமே புறப்பட்டு வந்தால் காலையில் எடை போட்டுவிடலாம் என்று நம்பி வந்தாள். வந்து பார்த்தால் ஐம்பத்தேழு வண்டி அவளுக்கு முன்னால்.

புருஷன் வீரமுத்துவை அனுப்பியிருக்கலாம். அனுப்பித்தான் பார்த்தாள், போன வருஷம். பதினேழாம் டோக்கனை வாங்கியவன் நாலாம் நாள்தான் வீடு திரும்பினான். டோக்கனைச் சீட்டாட்டத்தில் விட்டுவிட்டான்.

அதுதான் கரும்பு வண்டிகள் காத்துக் கிடக்கும் அந்த யார்டின் வழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டோக்கனை மாற்றிக்கொள்வதில் வெட்டுக்குத்து வரை போனதிலிருந்து, வண்டிக்காரர்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். கெஞ்சிக் கேட்டும் டோக்கன் மாறக் கூடாது, காசு கொடுத்தும் மாறக் கூடாது. சீட்டில் ஜெயித்தால் மாறலாம். கேட்டில் இருப்பவருக்கு எண்தான் முக்கியம். அது யார் கையில் இருந்து வருகிறது என்று அவர் பார்ப்பதில்லை.

அப்படியும் அவள் முதலில் கெஞ்சித்தான் பார்த்தாள். முன்வரிசையில் பெரும்பாலும் பெரிய பண்ணைகளின் கூலி வண்டிகள். அவர்களுக்குக் காத்திருந்தாலும் தினப்படி உண்டு. களமருதூர் வண்டிக்காரன் பாவாடையிடம் இருந்தது இருபத்தாறு. முப்பத்தைந்து வயது, தொப்பை, காதில் செருகிய பீடி. புளியமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தான். அவனிடம் மகளுக்குக் கல்யாணம் என்று சொன்னாள்.

"யக்கா, போன வாரம் ஒருத்தன் மாமியாருக்குக் கருமாதின்னான். அதுக்கு முந்தின வாரம் ஒருத்தன் பொண்டாட்டிக்குப் பிரசவம்னு அழுதான். வெசாரிச்சா அவனுக்குக் கல்யாணமே ஆவல" என்றான் பாவாடை. "உனுக்கு டோக்கன் வேணுமா? ஒக்காரு. வெளாடு. ஜெயிச்சா எடுத்துகினு போ."

சாக்கில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். நைனார்பாளையத்துச் செல்லமுத்து, ஒல்லிக்குச்சி, வாய் ஓயாதவன். அவன் டோக்கன் ஐம்பது. மற்றவர் வேடியப்பன், கல்வராயன் மலையிலிருந்து வண்டி ஓட்ட இறங்கி வந்தவர். அவர் டோக்கன் அறுபத்து மூன்று. நரைத்த மீசையை நீவிக்கொண்டு ஆலைப் புகைக்கு அப்பால் நீலமாகத் தெரிந்த தன் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொளஞ்சியம்மாள் உட்கார்ந்தாள். செல்லமுத்து கைகொட்டிச் சிரித்தான். நாலு பேரும் டோக்கனைக் கழற்றி ஒரு பித்தளைச் சொம்பில் போட்டார்கள். காசு வைத்தால் காவலாளி துரத்துவார் என்பதால் புளியங்கொட்டைதான் பணம். ஆளுக்கு இருபத்தைந்து. கொட்டை தீர்ந்தவன் எழுந்துவிட வேண்டும். கடைசியில் மொத்தக் கொட்டையும் யாரிடம் சேர்கிறதோ, அவர் சொம்பிலிருந்து பிடித்த டோக்கனை எடுத்துக்கொள்ளலாம். அதன் சொந்தக்காரனுக்கு அவருடைய டோக்கன்.

பாவாடை இன்னொரு விதியையும் ஞாபகப்படுத்தினான். ஆட்டம் முடிவதற்குள் ஒருவன் நம்பரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டால், அவன் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு எழுந்து போகலாம். அத்தோடு ஆட்டம் கலைந்தது. மூன்று முறை கூப்பிட்டும் போகாவிட்டால் அந்த டோக்கன் கடைசி வரிசைக்குப் போய்விடும்.

அதாவது இருபத்தாறைக் கூப்பிடுவதற்குள் மூன்று ஆம்பளைகளின் மடியையும் காலி செய்ய வேண்டும். ஏறத்தாழ மூன்று மணி நேரம்.

மூணு சீட்டு ஆட்டம் அவளுக்குப் புதிதில்லை. கல்யாணமான புதிதிலிருந்து வீரமுத்துவோடு வண்டியில் வந்து, மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் இருபது பருவம் உட்கார்ந்திருக்கிறாள். ஆளுக்கு மூன்று சீட்டு. மூன்றும் ஒன்றானால் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. அடுத்து ஒரே இனத்தில் வரிசையாக வரும் ரன்னிங் கலர், அப்புறம் இனம் மாறி வரும் வெறும் ரன்னிங், அப்புறம் வரிசை இல்லாமல் ஒரே இனமாக வரும் கலர், அப்புறம் ஜோடி. எதுவும் இல்லாவிட்டால் பெரிய சீட்டு. சீட்டைப் பார்க்காமல் பிளைண்டாக ஆடுகிறவன் ஒன்று போட்டால், பார்த்தவன் இரண்டு போட வேண்டும். சீட்டைக் கவுத்து விலகிவிட்டால் போட்டது போச்சு.

முதல் இரண்டு சுற்றைக் கவுத்தாள். மூன்றாவதில் அவளுக்கு வந்தது ஒன்பது, ஆறு, மூன்று, மூன்றும் மூன்று இனம். குப்பை. ஆனால் அவளுக்கு ஒரு யோசனை. பொம்பளை முதன்முதலாகக் கொட்டை கட்டினால் கையில் ஏதோ இருக்கிறது என்று பயப்படுவார்கள். முகத்தை இறுக்கிக்கொண்டு நாலு போட்டாள். செல்லமுத்துவும் போட்டான். அடுத்து ஐந்து போட்டாள். செல்லமுத்து முனகிக்கொண்டே கவுத்தான். வேடியப்பனும் கவுத்தார். பாவாடை கவுக்கவில்லை.

"பாத்துடுவோம்" என்று ஐந்தை எண்ணிப் போட்டு ஷோ கேட்டான்.

அவனிடம் இருந்தது நாலு ஜோடி, அதாவது இரண்டு நாலு. அவள் சீட்டைப் பார்த்ததும் மூன்று பேரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒரே மூச்சில் பத்துக் கொட்டை போயிற்று.

"நாலு ஜோடிய வச்சிகினா என் கூட மல்லுக்கு நின்ன?" என்றாள் ஆத்திரத்தோடு.

"நீ இன்னா வச்சிகினுகீறன்னு தெரிய வாணாமா யக்கா? பாக்கறதுக்குத்தானே ஆடறதே."

அந்த வார்த்தை அவள் மண்டையில் பளீரென்று விளக்குப் போட்டது. இவனுக்கு ஜெயிப்பது இரண்டாம் பட்சம். அடுத்தவன் கையில் இருப்பதைப் பார்க்காமல் விடமாட்டான். செல்லமுத்துவும் அதே ரகம். ஜோடி என்று ஒன்று வந்துவிட்டால் அரச மரத்தில் கட்டினாலும் நிற்கமாட்டான். வேடியப்பனோ சீட்டைப் பார்ப்பதே இல்லை. தரையில் கவிழ்த்தே வைத்து, தோன்றும் வரை கட்டுவார். பார்த்தால் சீட்டுக்குக் கோபம் வரும் என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்டவர்களிடம் பயமுறுத்தல் செல்லுமா? பயப்படத் தெரிந்தவனைத்தான் பயமுறுத்த முடியும். இவர்களிடம் பொய்க்கு விலையே கிடையாது. ஆனால் உண்மைக்கு? உண்மையான சீட்டு வந்தால் எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார்கள். அவள் உருப்படியான கையோடுதான் கட்டுகிறாள் என்று தெரிந்தாலும் கொடுப்பார்கள். பார்த்தாக வேண்டுமே.

அப்படியானால் அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். குப்பையைக் கவுக்க வேண்டும். நல்ல சீட்டு வரும் வரை சும்மா இருக்க வேண்டும். வந்ததும் வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

சொல்வது சுலபம். கவுத்தாள். மறுபடியும் கவுத்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆரம்பக் கொட்டை ஒன்று மடியிலிருந்து கரைந்தது. ஒலிபெருக்கி பன்னிரண்டு என்றது, பதின்மூன்று என்றது. வெயில் புளியமரத்தைச் சுற்றி வந்து அவள் முதுகில் ஏறியது.

"யக்கா கட்ட வந்துச்சா, காவ காக்க வந்துச்சா?" என்றான் செல்லமுத்து.

அவள் மடியில் ஆறே ஆறு கொட்டை மிச்சம் இருந்தபோது ஒலிபெருக்கி பதினாறு என்றது. சீட்டை எடுத்து ஓரத்தை விரித்தாள். ராணி, ஒன்பது, இரண்டு. மூன்றும் இஸ்பேடு. கலர்.

ஆறையும் மொத்தமாக முன்னே தள்ளினாள். கவுத்துக் கவுத்துக் கிடந்தவள் திடீரென்று எல்லாவற்றையும் தள்ளினால் மூளை உள்ளவன் யோசிப்பான். மூன்று பேரும் யோசிக்கவில்லை. மூன்று பேரும் போட்டார்கள். செல்லமுத்துவிடம் பத்து ஜோடி, பாவாடையிடம் ஒரு ராஜா, வேடியப்பனிடம் ஒன்றுமே இல்லை. இருபத்து நாலு கொட்டை அவள் மடிக்கு வந்தது.

அந்த வாரியெடுப்பில் அவளுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. இருபது வருஷமாகப் புருஷனைக் கட்டி இழுத்த கயிறு எது என்று முதன்முதலாகப் புரிந்தது. சட்டென்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மறுபடியும் பொறுமை. மூன்று சுற்று கவுத்தாள். நாலாவது சுற்றில் எட்டு, ஒன்பது, பத்து வந்தது. இனம் வேறு வேறு, ஆனால் ரன்னிங். வேடியப்பன் பிளைண்டில் ஏற்ற, செல்லமுத்து ஏதோ கிடைத்தவன்போல் நாக்கைக் கடித்துக்கொண்டு தொடர, அவள் அவசரப்படாமல் இரண்டு மடங்கு, இரண்டு மடங்கு என்று கேட்டுக்கொண்டே போனாள். பாவாடைகூடப் பாதி வழி வரை வந்துவிட்டுத்தான் கவுத்தான்.

"யக்கா கட்டனா நெசமாவே கீதுடா" என்று பாவாடை எச்சரித்தான்.

"தெரியும்டா. ஆனா என்கிட்ட ராஜா ஜோடி கீது" என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு, கடைசிக் கொட்டையையும் போட்டான் செல்லமுத்து. ரன்னிங்கைப் பார்த்ததும் சாக்கை விட்டு எழுந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, போகாமல் அவள் பின்னாலேயே வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டான்.

மடியில் ஐம்பதுக்கு மேல் இருந்தது. ஒலிபெருக்கி இருபத்தொன்று என்றது.

இங்கேதான் அவள் தடுமாறினாள். இன்னும் ஐந்தே நம்பர். இரண்டு பேரிடமும் சேர்த்து நாற்பத்து சொச்சம். காத்துக்கொண்டே இருந்தால் நேரம் போய்விடும் என்ற பதைப்பு பிடித்துக்கொண்டது. அடுத்து வந்த கையில் ஒரு ராஜா மட்டும் இருந்தது. சாதாரணமாகக் கவுத்திருப்பாள். கவுக்கவில்லை. பாவாடை நாலு போட்டான், போட்டாள். ஆறு போட்டான், அதையும் போட்டாள். ஷோ என்றபோது அவனிடம் மூன்று ஜோடி. வெறும் மூன்று ஜோடி. பதினொரு கொட்டை போயிற்று.

போனதைவிட, தன் கை போட்ட விதம்தான் அவளை உலுக்கியது. வீரமுத்து இப்படித்தான் போடுவான், கட்டை விரலால் சுண்டி. அதே சுண்டல். இன்னும் இரண்டு தடவை இப்படிப் போட்டால் மகள் படி இறங்கும்போது இவள் இந்தப் பொட்டலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பாள்.

"இன்னா யக்கா, எங்க கட்சிக்கு வந்துட்டியா?" என்று பாவாடை சிரித்தான்.

கையை இடுப்புச் சேலையில் துடைத்தாள். அடுத்த சுற்றைக் கவுத்தாள். ஒலிபெருக்கி இருபத்திரண்டு என்றது. கவுத்தாள். இருபத்து மூன்று. ஏழு ஜோடி வந்தது. வேடியப்பன் மட்டும் எதிரில் இருந்தபோது நிதானமாகக் கட்டி, நாலு கொட்டை ஜெயித்தாள். இருபத்து நாலு. மறுபடியும் குப்பை, கவுத்தாள். பின்னால் இருந்த செல்லமுத்துவுக்கே பொறுக்கவில்லை. நேரம் போகிறதே, ஏதாவது செய் என்று காதோரம் முணுமுணுத்தான். அவனை அங்கிருந்து எழுந்து போகச் சொன்னாள்.

ஒலிபெருக்கி இருபத்தைந்து என்றது.

இனிப் பத்து நிமிஷம். அதிகம் போனால் மூன்று கை. பாவாடை எட்டி, தன் வண்டியைப் பார்த்துக்கொண்டான். சீட்டைப் போட்டவர் வேடியப்பன். மெதுவாகக் கலைத்தார். மூன்று மூன்றாகப் போட்டார். தன் சீட்டை வழக்கம்போல் தரையில் கவிழ்த்து, அதன் மேல் ஒரு கொட்டையை வைத்தார்.

கொளஞ்சியம்மாள் முதல் சீட்டை விரித்தாள். டைமன் ராணி. இரண்டாவது, கிளாவர் ஆஸ். மூன்றாவதை விரிக்கும் முன் கண்ணை மூடித் திறந்தாள்.

ஆட்டீன் ராஜா.

ஆஸ், ராஜா, ராணி. வெறும் ரன்னிங்கில் இதற்கு மேல் கிடையாது.

முகத்தைச் சுளிக்கவும் இல்லை, மலரவும் இல்லை. வேடியப்பன் பிளைண்டில் இரண்டு போட்டார். பாவாடை தன் சீட்டைப் பார்த்தான்; காதிலிருந்த பீடியை எடுத்துக் கீழே வைத்தான். நாலு போட்டான். அவள் எட்டு போட்டாள். வேடியப்பன் மலையைப் பார்த்துக்கொண்டே நாலு. பாவாடை எட்டு. அவள் பதினாறு. வேடியப்பன் மடியைத் துழாவினார். மிச்சம் ஏழுதான். அதையும் தள்ளி வைத்துவிட்டு, "என்னுது அவ்ளோதாம்மா. கடைசில திருப்பறேன்" என்றார்.

சாக்கின் நடுவில் கொட்டை குவிந்து கிடந்தது. பாவாடையின் முறை.

அப்போதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது. "டோக்கன் நம்பர் இருபத்தாறு."

பாவாடை பாதி எழுந்துவிட்டான். ஒரு கால் சாக்குக்கு வெளியே, ஒரு கை சொம்பை நோக்கி. விதி அவன் பக்கம். டோக்கனை எடுத்துக்கொண்டு போனால் ஆட்டம் கலைந்தது. கொளஞ்சியம்மாள் இரண்டு மணி ஐம்பது நிமிஷம் கவுத்துக் கவுத்துக் காத்ததெல்லாம் அந்த ஒரு கையில் தொங்கியது.

கெஞ்சவில்லை. மடியில் மிச்சம் இருந்த கொட்டை முழுவதையும் இரண்டு கையாலும் அள்ளி, குவியலின் மேல் கொட்டினாள்.

"போறதுன்னா போ தம்பி. உன் நம்பரு. தப்பே கெடையாது" என்று தன் மூன்று சீட்டையும் அடுக்கி, கவிழ்த்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். "நான் இத அப்பிடியே கட்டுல சொருகிடுவேன்."

பாவாடையின் கை சொம்புக்கு மேலே நின்றது. கண் மட்டும் அவள் உள்ளங்கையை விட்டு நகரவில்லை.

"இன்னா வச்சிகினுகீற?"

"கட்டிட்டுப் பாரு."

"டோக்கன் நம்பர் இருபத்தாறு" என்றது ஒலிபெருக்கி, இரண்டாம் முறை. வாசல் பக்கத்தில் யாரோ பாவாடை பேரைச் சொல்லிக் கத்தினார்கள். செல்லமுத்து எழுந்து நின்றுவிட்டான். போய்த் தொலைடா, இல்லாட்டிப் போட்டுத் தொலைடா என்று அவனுக்கே வியர்த்தது.

பாவாடை உட்கார்ந்தான். சின்ன நாற்காலியில் பெரிய மனிதர் உட்காருவதுபோல், மனசில்லாமல், ஆனால் முழுசாக உட்கார்ந்தான். மடியை அவிழ்த்து எல்லாவற்றையும் கொட்டினான்.

"என்கிட்ட கலரு. ஆஸ் வச்ச கலரு" என்று சீட்டைப் போட்டான். மூன்றும் ஆட்டீன். "இத வச்சிகினு எவன் எழுந்து போவான்?"

கொளஞ்சியம்மாள் உள்ளங்கையை எடுத்தாள். ஆஸ், ராஜா, ராணி.

பாவாடை அதைப் பார்த்தான். அவன் முகத்தில் வருத்தம்கூட உடனே வரவில்லை. அரிப்பைச் சொறிந்துவிட்டவன் முகத்தில் வருமே, அந்த நிம்மதிதான் முதலில் வந்தது.

ஆனால் இன்னும் முடியவில்லை. வேடியப்பனின் சீட்டு தரையில் கவிழ்ந்தபடி கிடந்தது. அவர் ஜெயித்தால் அவர் போட்ட அளவு குவியலிலிருந்து அவருக்குப் போகும். ஆட்டம் இன்னொரு கைக்கு நீளும். இன்னொரு கைக்கு நேரம் கிடையாது.

"சீக்கிரம் திருப்புங்கண்ணா" என்றாள்.

அவர் மேலே இருந்த கொட்டையை எடுத்து ஓரமாக வைத்தார். முதல் சீட்டு கிளாவர் ஏழு. இரண்டாவது, கிளாவர் எட்டு. செல்லமுத்து ஐயோ என்று வாயைப் பொத்தினான். அடுத்தது கிளாவரில் ஆறோ ஒன்பதோ வந்தால் ரன்னிங் கலர். அவளுடைய ராஜா ராணியெல்லாம் சும்மா. வேடியப்பனே முதன்முதலாகச் சீட்டைக் குனிந்து பார்த்தார். மூன்றாவதைத் திருப்பினார்.

ஒன்பது.

ஒரு நொடி அவளுக்குக் கண் இருட்டியது. அப்புறம்தான் நிறம் தெரிந்தது. சிவப்பு. டைமன் ஒன்பது.

"ரன்னிங்தான். உன்னுது பெருசு" என்றார் வேடியப்பன்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் சொம்பைக் கவிழ்த்துவிட்டாள். நாலு டோக்கனும் உருண்டன. இருபத்தாறைப் பொறுக்கிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலை நோக்கி ஓடினாள். "டோக்கன் நம்பர்" என்று ஒலிபெருக்கி மூன்றாம் முறையாக வாயைத் திறந்தபோது, தகர வில்லையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, "இருக்குதுங்க, இருக்குதுங்க" என்று கேட் கம்பியில் போய் மோதி நின்றாள். உள்ளே இருந்தவர் வண்டி எங்கே என்றார்.

வண்டி நூறு கஜம் தள்ளி, முன்பாரத்தை முட்டுக்கட்டை தாங்க நின்றது. மாடுகள் கரும்புத் தோகையைத் தின்றபடி மரத்தடியில் படுத்திருந்தன. திரும்பிப் பார்த்தவளுக்கு உயிரே போயிற்று. ஆனால் மாடுகள் அதற்குள் எழுந்து நின்றன. ஒன்றைச் செல்லமுத்து வாலைப் பிடித்துக் கிளப்பினான். இன்னொன்றை வேடியப்பன் நுகத்தடிக்குக் கொண்டுவந்தார். முட்டுக்கட்டையை உதைத்துத் தள்ளி, தொப்பை அமுங்கச் சக்கரத்தில் தோள் கொடுத்துத் தள்ளியது பாவாடை. தோற்ற டோக்கன் தோற்றதுதான். இனி அது வாசல் தாண்டாமல் கெட்டால் யார்டுக்கே கேவலம் என்று அவன் மற்ற வண்டிக்காரர்களைத் திட்டி வழிவிடச் சொல்லிக்கொண்டே வந்தான்.

எடைமேடைப் பலகையில் மாடுகள் குளம்பு வைத்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"நெசமாவே கல்யாணமா யக்கா?" என்று கேட்டான் பாவாடை, மூச்சிரைக்க.

"நெசமா, தம்பி. இன்னும் நாலு மணி நேரத்துல பொண்ணழைப்பு."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். இதை முதலிலேயே நம்புகிற மாதிரி சொல்லியிருக்கக் கூடாதா என்று அவளையே குறை சொன்னான். ஐம்பத்தெட்டாம் டோக்கனைக் காதில் பீடி இருந்த இடத்தில் செருகிக்கொண்டு, மூன்று நாள் படி சும்மா வருகிறது, நஷ்டம் முதலாளிக்குத்தான் என்று தேற்றிக்கொண்டான். முதலாளி என்ன சொல்வார் என்று செல்லமுத்து கேட்டதும் தன் மாடுகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். அவள் மறுநாள் பதினோரு மணிக்குள் சாப்பாட்டுக்கு வந்துவிடும்படி மூன்று பேரையும் அழைத்தாள். மாட்டை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, ஒருவராவது கட்டாயம் வர வேண்டும் என்று சொன்னாள்.

கரும்பை இறக்கி, காலி வண்டியை மறுபடி எடை போட்டு, சீட்டு வாங்கி வெளியே வந்தபோது நாலே முக்கால். ரோட்டுக்கு வந்ததும் அவள் வண்டியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே மூக்கணாங்கயிற்றைத் தளர்த்தி, ஹேய் என்று ஒரு சத்தம் கொடுத்தாள். காலி வண்டி என்று தெரிந்த மாடுகள் வீட்டுத் திசையில் பிய்த்துக்கொண்டு பறந்தன. எதிரே வந்த பஸ் டிரைவர் ஓரம் ஒதுங்கி, தலையை நீட்டி ஏதோ திட்டினார். அவருக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டே போனாள். வழி நெடுக ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ், ராஜா, ராணி என்று மட்டும் அவ்வப்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள்.

தெரு முனையில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேன் இன்னும் வரவில்லை. வாசலில் வண்டி குதித்து நின்ற வேகத்தில், பந்தக்கால் அருகே நின்றிருந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மாப்பிள்ளையின் தாயார் பெரியம்மாள் தட்டு வரிசையோடு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியம்மாவை நாளைக்குத்தான் பார்க்க முடியும் என்று சொன்னார்களே என்று அவள் வாயைப் பிளந்தாள். ஆலையில் வண்டி வரிசை கம்மியா என்று விசாரித்தாள்.

"ஜாஸ்திதாங்க" என்றாள் கொளஞ்சியம்மாள். நேராக உள்ளே போனாள்.

உள் அறையில் செவ்வந்தி மணக்கோலத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் முகம் உடைந்து, அழுகையும் சிரிப்புமாக எழுந்தாள். தோகை கீறிய அம்மாவின் கைகளை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டவள், சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாம்மா, கை இப்பிடி நடுங்குது? ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு இன்னா. கல்லு மாதிரி கீது" என்று கொளஞ்சியம்மாள் கையை உதறி, மறைத்து, அதுவும் நிற்காததால் மகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "பட்டுப் பொடவைய எடு. நான் வாசல்ல நிக்கணும்."

தெருவில் வேனின் ஹாரன் கேட்டது.